மூணு பொட்டி ஜல்லி + ஒன்றரை பொட்டி மணல் = ? பாண்டி, கடலூர் பக்கத்து கணக்கு டீச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

டீச்சருங்களுக்கும் சாருங்களுக்கும் வணக்கம்.

நான் கிருமாம்பாக்கத்துல இருக்கேன், சிவில் டிப்ளமோ, 19 வருஷமா சைட் சூப்பர்வைசர். ஒரு வாரம் லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம்னு பாண்டி பக்கம் ஓடுவேன், அடுத்த வாரம் மஞ்சக்குப்பம், திருப்பாப்புலியூர்னு கடலூர் பக்கம். அதனால இந்த மடல் ரெண்டு ஊருக்கும் சேத்துதான். எந்த ஸ்கூலு, எந்த டீச்சர்னு பேரு போடப்போறதில்ல, சண்டைக்கு வரல, ஒரு மார்க்கு போனதுக்காக லெட்டர் எழுதுற ஆளும் நான் இல்ல. ஆனா அந்த ஒரு மார்க்கு ரெண்டு வாரமா தலைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு, எழுதி தொலைச்சாதான் போகும் போல.

விஷயம் இதுதான். என் பொண்ணு ஆறாவது. பின்னம் கூட்டல் டெஸ்ட்டு. கேள்வி: ஒரு தொட்டியில் 3 பெட்டி ஜல்லியும் 1½ பெட்டி மணலும் கொட்டப்பட்டன, மொத்தம் எத்தனை பெட்டி? எல்லாரும் 4½னு எழுதிருக்காங்க. என் பொண்ணு மட்டும் "3½ கிட்ட வரும், மணல் ஜல்லி சந்துல போயிடும்"னு எழுதி வச்சிருக்கா. சிவப்பு மையில பெருக்கல் குறி. சின்னதுல இருந்தே லீவு நாள்ல என்கூட சைட்டுக்கு வந்து மிக்ஸர் மெஷின் பக்கத்துல உக்காந்து பாத்தவ அவ, கண்ணால பாத்தத எழுதிட்டா. ஏன் டீச்சர் தப்புன்னு கேட்டதுக்கு "கணக்குல சந்து பொந்தெல்லாம் கிடையாது"ன்னு பதில் வந்துச்சாம்.

சத்தியமா சொல்றேன், அந்த பதிலை கேட்டு நான் சிரிச்சேன், ஏன்னா அது உண்மை. கணக்குல சந்து கிடையவே கிடையாது. 3ம் 1½ம் கூட்டுனா 4½தான், பாண்டியிலயும் அதுதான் பாரிஸ்லயும் அதுதான். சந்து இருக்கறது ஜல்லியில. என் பொண்ணுக்கு கூட்டல் தெரியாம இல்ல, பின்னமும் தெரியும். இந்த இடத்துல கூட்டல போடலாமா கூடாதாங்கற கேள்விய அவ கேட்டுட்டா, அவ்ளோதான். அந்தக் கேள்வி எந்த சிலபஸ்லயும் எந்த பாடத்துலயும் வரதில்லங்கறதுதான் என் குறை.

ஜல்லிய பத்தி கொஞ்சம் சொல்லிடறேன், இது என் ஏரியா. 20 எம்எம் ஜல்லிய ஒரு பொட்டி நிரப்புனா அதுல கல்லு பாதிக்கு கொஞ்சம் மேலதான், மிச்சம் காத்து. அதுல மணல கொட்டுனா மணல் முதல்ல அந்த காத்து இருந்த இடத்துக்கு போகும், மணலுக்கு நடுவுல இருக்குற சின்ன சின்ன சந்துல சிமெண்ட்டு போகும், சிமெண்ட்டுக்கு நடுவுல தண்ணி. ஒண்ணுக்கு ஒன்றரைக்கு மூணுன்னு எம்20 கலவை போட்டா 1 பொட்டி சிமெண்ட்டு, 1½ மணல், 3 ஜல்லி, ஆக மொத்தம் நோட்டுல 5½ பொட்டி. மெஷின்ல இருந்து கலவையா வெளிய வர்றது சுமாரா 3½ பொட்டிதான். அதனாலதான் எங்க லைன்ல எல்லாரும் 1.54னு ஒரு நம்பர மனப்பாடமா வச்சிருப்போம், ஒரு கன மீட்டர் ஈரக் கலவை வேணும்னா 1.54 கன மீட்டர் காஞ்ச சாமான் வாங்கணும், சிமெண்ட்டு 8 மூட்டை ஆகும். இந்த 1.54 எந்த கணக்கு சூத்திரத்துல இருந்தும் வரல டீச்சர், கலந்து கலந்து அளந்து பாத்து வந்தது.

இத நான் காசு குடுத்து கத்துக்கிட்டவன். வேலைக்கு சேந்த முதல் வருஷம், ஒரு ஸ்லாபு, பத்து கன மீட்டர் கான்கிரீட்டு. மேஸ்திரி ஊருக்கு போயிட்டாரு, சாமான் ஆர்டர் போடுற வேலை என் தலையில விழுந்துச்சு, நான் படிச்ச புள்ளையாச்சே, மணலு ஜல்லி சிமெண்ட்டு எல்லாம் சேத்து சரியா பத்து கன மீட்டர் வர்ற மாதிரி கூட்டி ஆர்டர் போட்டேன், பாக்கறதுக்கு அவ்ளோ அழகா இருந்துச்சு அந்த கணக்கு. சாயந்தரம் நாலு மணிக்கு ஸ்லாபுல மூணுல ரெண்டு பங்கு கூட முடியல, ஜல்லி காலி, மணல் காலி, சித்தாளுங்க சட்டிய கவுத்து போட்டு உக்காந்துட்டாங்க, வீட்டுக்காரர் மாடிப்படியில நின்னு என்னையே பாக்கறாரு. கூட்டல்ல ஒரு தப்பும் இல்ல, அன்னிக்கு ராத்திரி கூட திரும்ப திரும்ப போட்டு பாத்தேன், பத்துதான் வந்துச்சு.

மணல் இன்னும் மோசம். காஞ்ச மணல் ஒரு பொட்டி எடுத்து அதுல லேசா தண்ணி தெளிச்சு கிளறுங்க, உப்பிரும், கால் பங்கு வரைக்கும் கூட அதிகமா தெரியும், ஏன்னா ஒவ்வொரு மணல் துகளையும் சுத்தி தண்ணி ஒரு தோல் மாதிரி ஒட்டிக்கிட்டு ஒண்ண ஒண்ணு தள்ளி வைக்கும். சரி இன்னும் தண்ணி ஊத்துனா இன்னும் உப்பும்னுதான நினைப்பீங்க, முழுக்க மூழ்குற வரைக்கும் ஊத்துங்க, பழைய அளவுக்கே இறங்கிரும். தண்ணிய சேத்தா கூடுது, இன்னும் சேத்தா குறையுது, இதுக்கு எந்த வாய்ப்பாடு? ஈர மணல யூனிட் கணக்குல, அதாவது 100 கன அடி கணக்குல விக்கறவங்களுக்கு இந்த ரகசியம் நல்லாவே தெரியும், வாங்குறவங்களுக்குதான் தெரியறதில்ல.

டெஸ்ட்டு பேப்பர் வந்த அன்னிக்கு ராத்திரி நானும் பொண்ணும் அடுப்பங்கரையில ஒரு வேலை பாத்தோம். ரெண்டு டம்ளர் கொண்டைக்கடலை, ஒரு டம்ளர் ரவை, ரெண்டையும் ஒரு பாத்திரத்துல கொட்டி நல்லா குலுக்கி திரும்ப டம்ளரால அளந்தோம். ரெண்டே கால் டம்ளருக்கு மேல வரல. பொண்ணு குதிச்சா, "பாத்தியாப்பா, பாத்தியா"ன்னு. வீட்டம்மா வந்து பாத்துட்டு "நாளைக்கு உப்புமாவுல கடலை கெடந்துச்சுன்னா அப்பனும் பொண்ணுமே தின்னுங்க"ன்னு சல்லடைய தூக்கி என் மடியில போட்டுட்டு போயிட்டாங்க. சலிச்சு பிரிச்சதுக்கு அப்புறம் பொண்ணு ஒண்ணு கேட்டா, நான் அத எதிர்பாக்கல. "எடை போட்டாலும் கம்மியாதான் வருமாப்பா?"

தெரு முனை மளிகைக்கடை இன்னும் தொறந்திருந்துச்சு, எலக்ட்ரானிக் தராசு. கடலை 312 கிராம், ரவை 138 கிராம், சேத்து வச்சோம், 450. கரெக்ட்டா. பொண்ணு மூஞ்சி வாடிப்போச்சு, அவளுக்கு 430 ஏதாவது வரணும்னு ஆசை. நான்தான் அங்கயே நின்னு யோசிச்சேன். அதே கடலை, அதே ரவை, அதே கூட்டல். டம்ளர்ல அளந்தா கூட்டல் பொய்க்குது, தராசுல வச்சா கூட்டல் பலிக்குது. அப்போ கூட்டல் எங்க செல்லும் எங்க செல்லாதுங்கறத கூட்டல் சொல்லல, கடலையும் ரவையும்தான் சொல்லுது. எடைய கூட்டுனா சரியா வரும்ங்கறது கணக்கு பாடத்துல இருந்து வந்த உண்மை இல்ல, லாவோசியேங்கற பிரெஞ்சு கெமிஸ்ட்ரிக்காரர் மாதிரி ஆளுங்க எரியறதுக்கு முன்னாடியும் எரிஞ்சதுக்கு பின்னாடியும் மூடுன பாத்திரத்தோட நிறுத்து நிறுத்து பாத்து கண்டுபிடிச்ச உண்மை, அவரு அத புத்தகமா போட்டது 1789ல, பிரெஞ்சு புரட்சி நடந்த அதே வருஷம்.

அப்பாடா, எடையாவது ஒழுங்கா கூடுதேன்னு நிம்மதியா இருந்தீங்கன்னா, அதுவும் முழுசா கிடையாது. சூரியனுக்குள்ள நாலு ஹைட்ரஜன் சேந்து ஒரு ஹீலியம் ஆகுது, அந்த ஹீலியம் அந்த நாலு ஹைட்ரஜனோட மொத்தத்த விட கிட்டத்தட்ட 0.7 சதவீதம் எடை கம்மி. அந்த காணாமப்போன 0.7தான் வெளிச்சமா சூடா வந்து எங்க ஸ்லாபுக்கு மேல மத்தியானம் பன்னெண்டு மணிக்கு விழுது. அதாவது நாலும் சேந்தா நாலுக்கு கொஞ்சம் கம்மின்னு ஆகறதாலதான் வெயிலே அடிக்குது. மளிகைக்கடை தராசுல இது தெரியாது, அதனால கடைக்காரருக்கு கூட்டல் போதும்.

பாண்டியில இருந்துக்கிட்டு இன்னொரு உதாரணம் சொல்லலன்னா ஊருக்கே துரோகம். 50 மில்லி தண்ணியையும் 50 மில்லி சுத்த எத்தில் ஆல்கஹாலையும் கலந்தா 100 மில்லி வராது, 96 மில்லி கிட்டதான் வரும், ஒண்ணோட துகளுங்க இன்னொண்ணோட நெருங்கி உக்காந்துக்கும். கடையில விக்கற சரக்குல ஏற்கனவே தண்ணி பாதிக்கு மேல இருக்குறதால அங்க இவ்ளோ குறையாது, அதனால பார்ல போய் அளவு கம்மின்னு இத வச்சு சண்டை போடாதீங்க. ஸ்கூல்ல இத சொல்லிக்காட்ட முடியாதுன்னும் தெரியும், லேப்ல கெமிஸ்ட்ரி சார் கிட்ட கேட்டா காட்டுவாரு.

இப்போ எதுக்கு இவ்ளோ பேசறேன்னா, பொண்ணு ஸ்கூல் சுவத்துல பெருசா எழுதி வச்சிருக்காங்க, கணக்கு இயற்கையின் மொழின்னு. கலிலியோ 1623ல கிட்டத்தட்ட அப்படி எழுதுனாரு, உண்மைதான், உலகமே ஒரு புத்தகம், அது கணக்குங்கற மொழியில எழுதியிருக்கு, முக்கோணமும் வட்டமும்தான் எழுத்துன்னு. ஆனா அத எழுதுன மனுஷன் பலகைய சாச்சு வச்சு குண்ட உருட்டி உருட்டி நேரம் அளந்தவரு. நாம சுவத்துல மொழிய மட்டும் எழுதிட்டு பலகையையும் குண்டையும் தூக்கிப்போட்டுட்டோம். புள்ளைங்களுக்கு என்ன தோணுதுன்னா, கணக்குல சரியா வந்துட்டா உலகத்துலயும் சரிதான், முடிஞ்சுது சோலி. எனக்கும் அப்படித்தான் தோணி இருந்துச்சு, அந்த ஸ்லாபு வரைக்கும்.

நம்ம ஊருலயே இதுக்கு ஒரு கதை இருக்கு டீச்சர், நீங்க இத வகுப்புல சொல்லலாம், பாண்டி புள்ளைங்களுக்கு இது தெரியாம இருக்கறது அநியாயம். லெ ஜான்தின்னு ஒரு பிரெஞ்சு வானவியல்காரர். சூரியனுக்கு குறுக்க வெள்ளி கிரகம் போறத பாக்கறதுக்காக 1760ல பிரான்ஸ விட்டு கிளம்புனாரு, பாண்டிச்சேரியில இருந்து பாக்கறதா பிளான். வர்ற வழியிலயே செய்தி, பாண்டிய இங்கிலீஷ்காரன் புடிச்சுட்டான்னு, கப்பல திருப்பிட்டாங்க. 1761 ஜூன் 6ந் தேதி நடுக்கடல்ல ஆடுற கப்பல்ல நின்னு பாத்தாரு, பாத்து என்ன பண்ண, ஆடுற கப்பல்ல கடிகாரம் சரியா ஓடாது, உருப்படியா ஒண்ணும் அளக்க முடியல. அடுத்தது 1769ல. ஊருக்கு திரும்பல மனுஷன், எட்டு வருஷம் காத்திருந்தாரு, மணிலா வரைக்கும் போயிட்டு 1768ல பாண்டிக்கு வந்து இடிஞ்ச கோட்டைக்கு மேலயே ஒரு வானாய்வுக் கூடம் கட்டுனாரு. 1769 ஜூன் 4 காலையில, கரெக்ட்டா அந்த நேரத்துக்கு மேகம். வெள்ளி கடந்து முடிஞ்சதும் வெயில் அடிச்சுதாம். அவரு விட்டுட்டு வந்த மணிலாவுல வானம் பளிச்சுன்னு இருந்துச்சாம். ஊருக்கு போனா செத்துட்டாருன்னு முடிவு பண்ணி சொத்த பிரிச்சுக்கிட்டு இருக்காங்க.

இதுல பாருங்க, வெள்ளி எப்போ கடக்கும்ங்கற கணக்கு பலிச்சுது. பல கோடி கிலோமீட்டர் தாண்டி நடக்கறத பல வருஷத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க. பாண்டி மேல ஒரு மேகம் வரும்ங்கறத எந்த கணக்கும் சொல்லல. எது கணக்குக்குள்ள அடங்கும் எது அடங்காதுங்கறதுக்கு இத விட நல்ல பாடம் எங்க கிடைக்கும் சொல்லுங்க.

ஆனா நான் சொல்ல வந்தது அது கூட இல்ல. பாண்டியில இருந்தப்போ அவரு நம்ம தமிழ் ஜோசியக்காரங்க எப்படி கிரகணம் கணிக்கறாங்கன்னு உக்காந்து கத்துக்கிட்டாரு. பேப்பர் பேனா இல்ல, தரையில சோழிய வச்சு தள்ளி தள்ளி, வாய்க்குள்ள வாக்கியங்கள முணுமுணுத்துக்கிட்டு முக்கா மணி நேரத்துல ஒரு சந்திர கிரகணத்த கணக்கு போட்டு குடுத்துட்டாங்களாம். அது 1765 ஆகஸ்ட் 30ந் தேதி கிரகணம். கிரகணம் எவ்ளோ நேரம் நீடிச்சுதுங்கறதுல சோழி கணக்கு 41 விநாடி கம்மி, ஐரோப்பாவுல பெரிய பேரு வாங்குன மேயர்ங்கற வானவியல்காரரோட 1752 அட்டவணை 68 விநாடி அதிகம். இத வாட்ஸப்ல போட்டா எல்லாரும் நெஞ்ச நிமித்துவோம், நானும் நிமித்துனேன்.

அடுத்த பாதியையும் கேளுங்க. 1825ல ஜான் வாரன்னு ஒருத்தர், மெட்ராஸ் வானாய்வுக் கூடத்த கொஞ்ச நாள் பாத்துக்கிட்டவரு, பாண்டியில ஒரு பஞ்சாங்கக்காரர புடிச்சு அதே மாதிரி சோழி கணக்கு போட சொல்லி எழுதி வச்சாரு. 1825 மே 31 ராத்திரி சந்திர கிரகணம். இந்த தடவை ஆரம்பம் 4 நிமிஷம் தப்பு, நடு 23 நிமிஷம் தப்பு, முடியறது 52 நிமிஷம் தப்பு. அந்த பஞ்சாங்கக்காரருக்கு இதுக்கு பின்னாடி இருக்குற வானவியல் ஒரு வார்த்தை தெரியாதாம், ஆனா ஞாபக சக்தி மட்டும் அபாரம், சோழிய எங்க வைக்கணும் எத்தன தள்ளணும்னு எல்லாம் மனப்பாடம்.

இத படிச்சப்போ எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது என் கூட டிப்ளமோ படிச்சவனுங்க, அப்புறம் நான். நாமளும் சோழிதான் தள்ளிக்கிட்டு இருந்தோம். 1.54ன்னா ஏன்னு யாருக்கும் தெரியாது, பெருக்கணும்னு தெரியும். கம்பி எடைக்கு விட்டத்த அதாலேயே பெருக்கி 162ஆல வகுன்னா வகுப்போம், 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, கரெக்ட், அந்த 162 எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா முழிப்போம். இரும்போட அடர்த்தி அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. அலுமினியம் கம்பிக்கு அத போட்டா மொத்தமா தப்பு.

அந்த சோழிக்குள்ளயும் ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. வாக்கியப் பஞ்சாங்கம்னு சொல்றோமே, அந்த வாக்கியம்னா நிஜமாவே வாக்கியம், எழுத்துக்கு ஒரு நம்பர்னு வச்சு சந்திரன் ஒவ்வொரு நாளும் எங்க இருக்கும்ங்கறத சின்ன சின்ன சமஸ்கிருத வாக்கியமா மனப்பாடத்துக்கு வசதியா கட்டி வச்சிருக்காங்க, மொத்தம் 248 வாக்கியம், 248 நாளுக்கு. ஏன் 248? சந்திரன் ஒரே வேகத்துல ஓடறதில்ல, பூமிக்கு கிட்ட வரும்போது வேகமா போகும், தள்ளி போகும்போது மெதுவா போகும், அந்த சுத்து ஒரு தடவைக்கு 27.55 நாள். ஒம்போது சுத்துக்கு 247.99 நாள், கிட்டத்தட்ட முழு 248. அத கண்டுபிடிச்சவன் எவனோ வருஷக்கணக்கா ராத்திரி முழிச்சு வானத்த பாத்திருக்கான் டீச்சர், கொசுக்கடியில. அவன் பாத்தது வாக்கியத்துக்குள்ள போச்சு, வாக்கியம் சோழிக்குள்ள போச்சு, அப்புறம் வந்தவங்க சோழிய மட்டும் பாத்தாங்க. கொஞ்சம் கொஞ்சமா தப்பு சேந்தா திருத்தறதுக்கு திரும்ப வானத்த பாக்கணும், அதுக்கு ஆளு வேணும்.

தப்பு எவ்ளோ சேரும்ங்கறதுக்கு நம்ம யூனியன் பிரதேசத்துலயே சாட்சி இருக்கு. சனிப்பெயர்ச்சி, இப்போதைய வானவியல் அளவ வச்சு போடுற திருக்கணிதப்படி 2025 மார்ச் 29, வாக்கியப்படி 2026 மார்ச். திருநள்ளாறு கோயில்ல வாக்கியம்தான். கிட்டத்தட்ட ஒரு வருஷ வித்தியாசம். பக்தி வேற, வழக்கம் வேற, அதுக்குள்ள நான் போகல, நானே போயிட்டு நளன் குளத்துல முங்கிட்டு வர்ற ஆளுதான். ஆனா வானத்துல இருக்குறது ஒரே ஒரு சனி. ராத்திரி நிமிந்து பாத்தா அது எங்க இருக்கோ அங்கதான் இருக்கு. ராசிக்கு நடுவுல கோடு போட்டது மட்டும் மனுஷன், அந்த கோடு வானத்துல எங்கயும் இல்ல. இத வச்சு ஒரு முழு பீரியட் நடத்தலாம்னு எனக்கு தோணுது, எது கோடு, எது கிரகம்னு.

சரி, ஜியோமெட்ரிக்கு வருவோம், அங்கயாவது சந்து பொந்து இல்லாம இருக்கும்ல. 30க்கு 40 மனைன்னா எங்க பக்கம் ரொம்ப சகஜம், 1200 சதுர அடி. மேஸ்திரிங்க மூலைவிட்டத்த டேப் போட்டு புடிப்பாங்க, 50 வந்தா மூலை சரி. பித்தாகரஸ் பேரே கேள்விப்படாதவங்க 3-4-5ங்கற நூல்கயித்த வச்சு மூலமட்டம் புடிக்கறாங்க, எனக்கு இன்னிக்கும் அது ஆச்சரியம், அந்த நூலுக்கு எப்படி தெரியும்னு. அரியாங்குப்பம் பக்கத்துல ஒரு மனை. நாலு பக்கமும் அளந்தா கரெக்ட்டா 30, 40, 30, 40. மூலைவிட்டம் ஒரு பக்கம் 51 அடி, இன்னொரு பக்கம் 49க்கு கால் இஞ்ச் கம்மி. பத்திரத்துல 1200 சதுர அடி, நிஜத்துல 1199 கிட்ட, ஒரு சதுர அடி போல போச்சு, யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா மனை சாஞ்சிருக்கு, 30 அடிக்கு 15 இஞ்ச் சாய்வு. வீட்ட நேரா கட்டுனா ஒரு மூலை பக்கத்து மனையில போய் நிக்கும். நீளம் × அகலம்னு புள்ளைங்க வாய்ப்பாடு மாதிரி சொல்றாங்களே, அதுக்கு முன்னாடி மூலை 90 டிகிரியான்னு ஒருத்தன் டேப்ப புடிச்சு பாத்தாகணும், அந்த டேப்பு கேள்வித்தாள்ல இருக்கறதில்ல.

மனைக்கு 3-4-5 போதும். மாவட்டத்துக்கு போதாது. லாம்டன்னு ஒரு இங்கிலீஷ்கார சர்வேயர் 1802ல பரங்கிமலை அடிவாரத்துல ஒரு அடிக்கோடு அளந்து அங்க இருந்து முக்கோணம் முக்கோணமா போட்டுக்கிட்டே தெக்க வந்தாரு, பூமி எவ்ளோ வளஞ்சிருக்குன்னு பாக்கறதுக்கு. அந்த முதல் அளவையோட தெக்கு முனை எதுன்னு நினைக்கறீங்க, அவரு ட்ரிவாந்திபோரம்னு எழுதி வச்சிருக்காரு, கடலூர்க்காரங்களுக்கு எந்த ஊருன்னு சொல்லணுமா, நம்ம திருவந்திபுரம்தான், முகூர்த்த நாள்ல கால் வைக்க இடம் இருக்காதே அதே ஊரு. அரை டன் எடையில அவருக்கு இங்கிலாந்துல இருந்து வந்த கருவிய நடுக்கடல்ல பிரெஞ்சுக்காரங்க புடிச்சு மொரீஷியஸ்க்கு கொண்டு போயி, அப்புறம் இது படிப்பு சமாச்சாரம்னு மரியாதையா திருப்பி அனுப்பிட்டாங்களாம். அந்த மாதிரி பெரிய முக்கோணத்துல மூணு கோணத்தையும் கூட்டுனா 180 வராது, கொஞ்சம் அதிகமா வரும். சுமார் 200 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விநாடி, அதாவது ஒரு டிகிரியில 3600ல ஒரு பங்கு. பாண்டிச்சேரி பகுதி மொத்தமே 290 சதுர கிலோமீட்டர் கிட்டதான், அந்த அளவுக்கு ஒரு முக்கோணம் போட்டா ஒன்றரை விநாடி அதிகம். யூக்ளிட் தப்பு பண்ணல. அவரு முக்கோணம் தட்டையான தரையில, நாம நிக்கறது உருண்டையில. எந்த ஜியோமெட்ரி நம்ம தரையோடதுங்கறத அளந்துதான் தெரிஞ்சுக்க முடியும்.

இவ்ளோ சொன்னதால நான் கணக்க மட்டம் தட்றேன்னு நினைச்சுக்காதீங்க. சில நேரம் கணக்கு நம்மள விட முன்னாடி போயி நிக்கும், அது இன்னும் எனக்கு புரியல. யுரேனஸ் போக வேண்டிய வழியில போகலைன்னு லெவெரியேங்கற பிரெஞ்சு வானவியல்காரர் உக்காந்து கணக்கு போட்டு, வெளிய இன்னொரு கிரகம் இழுக்குது, இந்த இடத்துல பாருங்கன்னு எழுதி அனுப்புனாரு. 1846 செப்டம்பர் 23 ராத்திரி பெர்லின்ல காலேங்கற வானவியல்காரர் பாத்தாரு, சொன்ன இடத்துக்கு ஒரு டிகிரிக்குள்ள நெப்டியூன் இருந்துச்சு. பேனா முனையில கண்டுபிடிச்ச கிரகம்னு சொல்லுவாங்க. அதே ஆளு, அதே மாதிரி கணக்கு, 1859ல புதன் கிரகமும் வழி தவறுது, உள்ள ஏதோ கிரகம் இருக்குன்னாரு. வல்கன்னு பேரு கூட வச்சாச்சு. பல வருஷம் தேடுனாங்க. இல்லவே இல்ல. நூறு வருஷத்துக்கு 43 கோண விநாடிங்கற அந்த சின்ன பிசிறு 1915ல ஐன்ஸ்டீன் புது ஈர்ப்பு கணக்கு போட்டப்புறம்தான் தீந்துச்சு. ரெண்டு கணக்கும் நோட்டுல ஒரே மாதிரி அழகாதான் இருந்திருக்கும். எது நெப்டியூன் எது வல்கன்னு நோட்ட பாத்து சொல்ல முடியாது, டெலஸ்கோப்ப திருப்பிதான் ஆகணும்.

நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல. சிலபஸ் இருக்கு, போர்ஷன் முடிக்கணும், ஒரு கிளாஸ்ல நாப்பது புள்ளைங்க, அதுல இந்த கதையெல்லாம் எங்க பேசறதுன்னு கேப்பீங்க, நியாயம்தான், என் வேலையிலயும் பில்லு முடிக்கணும்னுதான் ஓடறோம். கேள்வி எழுதும்போது மட்டும் கொஞ்சம் பாத்து எழுதுங்க. ஜல்லியையும் மணலையும் கூட்ட சொல்லாதீங்க, கூட்டல்தான் கத்துக்குடுக்கணும்னா ரூபாய கூட்ட சொல்லுங்க, கிலோவ கூட்ட சொல்லுங்க, கயித்து நீளத்த கூட்ட சொல்லுங்க. இல்லன்னா ஜல்லி மணலையே போட்டுட்டு, எத்தன பொட்டி வரும், ஏன்னு ரெண்டு வரி எழுதச் சொல்லுங்க. 4½ எழுதுறவனுக்கும் மார்க்கு குடுங்க, 3½ எழுதி காரணம் சொல்றவளுக்கும் குடுங்க, அப்புறம் ரெண்டு பேரையும் எழுப்பி பேச விடுங்க. சந்து பொந்து கிடையாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. 30 டிகிரி தண்ணியும் 30 டிகிரி தண்ணியும் கலந்தா 60 டிகிரி ஆகாதுன்னு ஒண்ணாவது புள்ளைக்கே தெரியும், குளிக்கற தண்ணி விளாவறப்போ அம்மா கிட்ட கத்துக்கிட்டது, ஸ்கூலுக்கு வந்து ஆறு வருஷத்துல அத மறந்துட்டு எத குடுத்தாலும் கூட்டறாங்க.

மார்க்க திருத்தி குடுங்கன்னு நான் கேக்கல. பொண்ணும் கேக்கல, அவ இப்போ வேற பிரச்சனையில இருக்கா, கடுகையும் கொண்டைக்கடலையையும் கலந்தா ரவைய விட கம்மியா வருமா அதிகமா வருமான்னு. வீட்டுல கடுகு டப்பாவ ஒளிச்சு வச்சிருக்காங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை லாஸ்பேட்டையில எங்களுக்கு ஒரு ஸ்லாபு கான்கிரீட்டு இருக்கு. எந்த டீச்சராவது புள்ளைங்கள ஒரு பத்து பேர கூட்டிக்கிட்டு வரணும்னா வாங்க, வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாரு. ரெண்டு பொட்டி தனியா எடுத்து வைக்கறேன், ஒண்ணுல ஜல்லி, ஒண்ணுல மணல், ஒரு காலி டிரம்மும் இருக்கும், அளவு கோடு போட்டு வச்சிருக்கேன், புள்ளைங்களே கொட்டி புள்ளைங்களே படிச்சு சொல்லட்டும். செருப்பு வேணாம், ஷூ போட்டுட்டு வரச் சொல்லுங்க, கம்பி இருக்கும். காலையில ஏழு மணிக்கே வந்துடுங்க, மெஷின் ஓட ஆரம்பிச்சுட்டா பேசறது காதுல விழாது.

இப்படிக்கு,
ஒரு சைட் சூப்பர்வைசர், கிருமாம்பாக்கம்